புகைக்கு விலையா, பழமைக்குத் தண்டமா?

2009 மார்ச்சில், பத்தாண்டு கடந்த காரைக் கைவிட்டுப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு தருவதாக மலேசிய அரசு அறிவித்தது. வரவேற்பு பலமாகவே இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியான திருத்தப்பட்ட தேசிய வாகனக் கொள்கையில், 15 ஆண்டு கடந்த வாகனங்கள் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றொரு விதி இருந்தது. நாடு கொதித்தது, கொஞ்ச நாளிலேயே அரசு அந்த விதியைச் சுருட்டி வைத்துவிட்டது. ஒரே ஆண்டு, ஒரே மக்கள், ஏறத்தாழ அதே கார்கள். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து இறக்குவதுதான் இரண்டு திட்டங்களுக்கும் நோக்கம். ஒன்றைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள், மற்றதைக் கைவீசி விரட்டினார்கள். புகை கக்கும் வாகனங்களிடம் நகருக்குள் நுழையக் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வியில் மக்கள் கருத்தை எடைபோட நினைப்பவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. மக்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்ற சோம்பல் விளக்கம் இங்கே எடுபடாது.

இந்தக் கேள்வி மலேசியாவுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் 1975இல் நகர மையத்துக்குள் நுழைய உரிமக் கட்டணம் வைத்தபோது, அதைப் பார்த்து கோலாலம்பூரிலும் ஒரு திட்டம் தீட்டப்பட்டு, நடைமுறைக்கு வராமலே போனது. 2019 பிப்ரவரியில் பக்காத்தான் ஹராப்பான் அரசு கிள்ளான் பள்ளத்தாக்கின் நான்கு நெடுஞ்சாலைகளை எடுத்துக்கொண்டு, டோலுக்குப் பதிலாக நெரிசல் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. நெரிசல் நேரத்தில் பழைய டோல் அளவு, நள்ளிரவில் இலவசம், மற்ற நேரத்தில் 30 விழுக்காடு தள்ளுபடி. மறு ஆண்டு ஆட்சியே கவிழ்ந்தது. பேராக்கிலுள்ள ஈப்போவில் இன்று நுழைவுக் கட்டணம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் இந்த யோசனையை ஈப்போவில் வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. பெரிய தலைநகரங்களில் ரயிலும் பஸ்ஸும் மூடி மறைத்துவிடும் குறைகள் இங்கே பளிச்சென்று தெரியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெடுத்தவர் கொடுக்கட்டும் என்ற கொள்கை சரி. எதை அளந்து, யாரிடம் முதலில் வாங்குவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. மக்கள் எதிர்ப்பும் பெரும்பாலும் அந்தச் சறுக்கலைத்தான் குறிவைக்கிறது.

கொள்கையின் பலத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதனையாக நடத்தினார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொடங்குமுன் பெரும்பாலோர் எதிர்த்த திட்டம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் சிறு பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது. மிலான் 2008இல் எஞ்சினின் மாசுத் தரத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2011 வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அதை விரிவுபடுத்தச் சொன்னார்கள். பட்டறிவுக்கு முன் கேட்டால் எதிர்ப்பு, பின்னால் கேட்டால் ஆதரவு என்பதற்கு இவை சான்று. மாறாக எடின்பரோவில் 2005இலும் மான்செஸ்டரில் 2008இலும் சோதித்துக் காட்டாமல் வாக்குக் கேட்டார்கள். இரண்டிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேலோ அதையொட்டியோ எதிர்வாக்கு விழுந்தது.

ஸ்டாக்ஹோம் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அதன் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கெடுப்பு நாளில் சுற்றுப்புற ஊராட்சிகள் பலவும் தங்கள் வாக்கெடுப்பை நடத்தின. அங்கே எதிர்ப்பே வென்றது. கட்டண வட்டத்துக்குள் வாழ்பவருக்குத் தூய காற்று கிடைக்கிறது. வெளியிலிருந்து வேலைக்கு வருபவருக்குக் கட்டணச் சீட்டு கிடைக்கிறது. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் பாதி நீதி. பேராக்கில் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பேங், கம்பார் எனச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சிதறலைத் தடுக்கத்தான். முழுவதும் தடுக்க முடியவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பல இடங்களில் மரமே போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்தில் வேலைக்காடும் பள்ளியும் கோயிலும் மளிகைக் கடையும் நடை தூரத்தில் இருந்தன. வெளியேறியவர்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்த தாமான் ஓரிடம், வேலை கிடைத்த தாசேக்கோ மெங்லெம்புவோ வேறிடம். அந்தத் தூரம் அவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்டது அல்ல. அதைக் கடக்க வாங்கியதுதான் இரண்டாம் கை மோட்டார்சைக்கிளும், மூன்றாம் கை பெரோடுவா காஞ்சில் காரும். நகரத்துக்குள்ளேயே இருக்கும் புந்தோங் மக்களுக்கும் இவர்களுக்கும் ஒரே கட்டணப் பட்டியல் ஒரே பொருளைத் தராது.

லண்டனில் கட்டணத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு: ஏழைகளில் பலரிடம் காரே இல்லை, ஆகவே இது வசதியுள்ளவர் மீதான வரி. அந்த ஊரில் இதில் நியாயம் இருக்கிறது. பேராக்கில் வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்பதால் ஏழையிடமும் வண்டி உண்டு, அதுவும் பழையது. நாளொன்றுக்கு ஐந்து ரிங்கிட் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலை நாளுக்கு 130 ரிங்கிட். 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் அது ஏழரை விழுக்காட்டுக்கு மேல். பதினேழாயிரம் சம்பாதிப்பவருக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. போதாததற்கு அவர் கார் புதியது என்பதால் அந்தக் கட்டணமும் இல்லை. மாசுக் கட்டணத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கை மக்கள் புள்ளிவிவரம் இல்லாமலே புரிந்துகொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் லண்டன் தன் 12.50 பவுண்டு மாசுக் கட்டணத்தை மாநகரம் முழுவதற்கும் விரித்தபோது, புறநகரில்தான் கேமராக்களை உடைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் 495 வாக்கு வித்தியாசத்தில் முடிவைத் தீர்மானித்ததும் அந்த எரிச்சல்தான் என்று கட்சிகளே ஒப்புக்கொண்டன.

ஆழமான குறை இன்னொன்று. புகையை அளப்பதற்குப் பதிலாக வயதை எண்ணுவது. டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து எரிபொருளே ஊற்றக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இரண்டு மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வண்டியை நன்றாகப் பராமரித்தவரும், பராமரிக்காதவரும், வாரம் ஒருமுறை எடுப்பவரும், நாள் முழுக்க ஓட்டுபவரும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டதுதான் மக்கள் சொன்ன குறை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுப்பதை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 மாசுத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று திருத்தியது. வயதிலிருந்து தரத்துக்கு நகர்ந்த இந்தத் திருத்தம், தெருவில் எழுந்த கூச்சலில் ஓர் அறிவு இருந்ததைக் காட்டுகிறது. மலேசியாவில் நிலைமை இன்னும் பின்தங்கியது. லோரி, பஸ் போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன. சொந்தக் கார்களுக்கு, பெயர் மாற்றம் போன்ற சந்தர்ப்பங்கள் தவிர, வழக்கமான புகைச் சோதனை கிடையாது. சாலை வரியோ எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது. எந்தக் கார் எவ்வளவு கக்குகிறது என்ற ஏடே இல்லாத நாட்டில் மாசுக் கட்டணம் என்றால், அது நடைமுறையில் பழைய கார் வைத்திருப்பதற்கான அபராதமாகத்தான் முடியும். 1994இல் வந்த 660 சிசி காஞ்சில் ஒன்று எரிக்கும் எண்ணெய் எவ்வளவு, தண்டவாளம் போல நீண்ட டீசல் லோரி ஒன்று எரிப்பது எவ்வளவு?

ஒவ்வொரு வண்டியையும் அளப்பது செலவு பிடித்த வேலை, வயது ஒரு நல்ல சராசரி அடையாளம் என்று அதிகாரிகள் பதில் சொல்வார்கள். சராசரியாகப் பார்த்தால் அது உண்மையே; பழைய எஞ்சின் பொதுவாக அதிகம் கக்கும். ஆனால் சராசரியை வைத்து ஆய்வறிக்கை எழுதலாம், தனி மனிதர் ஒருவரிடம் தண்டம் வாங்க அது போதாது. செலவும் அவ்வளவு பெரிய தடையில்லை. டீசல், பெட்ரோல் வாகனப் புகைக்கு வரம்பு விதிக்கும் விதிகள் 1996 முதல் இருக்கின்றன; கரும்புகை லோரிகளைச் சாலையில் நிறுத்திச் சோதிப்பது சுற்றுச்சூழல் இலாகா ஏற்கெனவே செய்யும் வேலை. வணிக வாகனங்களின் பரிசோதனை முடிவுகள் ஏட்டில் உள்ளன. ஆகவே அளவு தெரிந்த வண்டிகளிடமிருந்து தொடங்கலாம். தெரியாதவற்றுக்கு முதலில் இலவசச் சோதனை, பிறகு கட்டணம்.

ஈப்போவின் காற்றைக் கெடுப்பது கார்களா, கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகளைக் குடையும் குவாரிகளும் சிமெண்டு ஆலைகளும், அவ்வப்போது கடல் தாண்டி வரும் புகைமூட்டமுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துச் சொல்லப்படுவது. பிரதான சாலையோரப் பள்ளியில் காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பதை அது காட்டாது. நுண்துகளுக்கு மலேசியா வைத்திருக்கும் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021 முதல் சொல்வது 5. குறியீடு மிதம் என்று காட்டும் நாளிலும் சாலையோரத்தில் கேடு இருக்கலாம். ஆனால் குவாரி வாதம் கட்டணத்துக்கு எதிரானது என்று நினைப்பதுதான் பிழை. குவாரியின் தூசியும் புகையும் நகரத்துக்குள் வருவது லோரியின் மேலும்தான். சிம்பாங் பூலாயிலிருந்தும் கந்தானிலிருந்தும் கல்லும் சிமெண்டும் ஏற்றி வரும் கனரக வாகனங்களிடம் முதலில் வாங்கினால், புகை அதிகம், உரிமையாளர் நிறுவனம், செலவை விலையில் ஏற்றிப் பகிர்ந்துகொள்ள வழி என மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. 2025 மே 13இல் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீஸார் ஒன்பது பேரைப் பலிகொண்ட விபத்தில் மோதிய ஜல்லி லோரி அளவு மீறிய பாரத்தோடு வந்ததென்று பின்னர் தெரியவந்தது. ஆறு மாதச் சோதனையும் சாலைக் கண்காணிப்பும் தாளோடு நின்றால், பிரேக்கையும் நம்ப முடியாது, புகைச் சான்றிதழையும் நம்ப முடியாது. தோட்டத்து ஆட்களை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் பழைய தொழிற்சாலை பஸ்களும் இந்தக் கணக்கில் வரும். அவற்றுக்குக் கட்டணத்தைவிட எஞ்சின் மாற்ற உதவித்தொகை பொருத்தம். ஒரு பஸ்ஸை நிறுத்தினால் நாற்பது மோட்டார்சைக்கிள் சாலைக்கு வரும்.

பஸ் வசதி முழுமையாகும் வரை காத்திருந்தால் கட்டணம் ஒருநாளும் வராது என்ற எதிர்வாதம்தான் எனக்குக் கடினமாகப் படுவது. அதில் உண்மை இருக்கிறது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயிலில் போவது எளிது; சுங்கை சிப்புட் தாமானிலிருந்து தாசேக்குக்கு இரவு ஷிப்டுக்குப் போவது எளிதல்ல. இதற்கு 2024 ஜூன் 10 ஒரு பாடம் வைத்திருக்கிறது. அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஒரே இரவில் ஏறியது. அதற்கு முன்பே தகுதியுள்ள சொந்த டீசல் வாகனக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகைக்கான பதிவு நடந்தது. சரக்கு வண்டிகளுக்கு மானிய அட்டை இருந்தது. முணுமுணுப்பு இருந்தது, 2009ஐப் போல் பின்வாங்கல் நடக்கவில்லை. பணம் முதலில், விலை பிறகு என்ற வரிசை வேலை செய்தது. அதேபோல் பஸ் தடமும், பழைய வண்டிக்கு மாற்றுத்தொகையும் தேதி குறித்து முன்னால் வர வேண்டும், கட்டணத் தேதியும் அப்போதே அறிவிக்கப்பட வேண்டும். ஆனால் 2025 செப்டம்பர் இறுதியில் அதே அரசு குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் பெட்ரோலை 1.99 ரிங்கிட்டுக்குத் தரத் தொடங்கியது. ஒரு கையால் எரிக்கச் சொல்லி மறு கையால் எரித்ததற்கு வாங்குவதை எந்த ஊர் மக்களுக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

நம்பிக்கை என்ற ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெடுங்காலம் பொதுப்பணி அமைச்சராக இருந்து டோல் உயர்வுகளுக்கு விளக்கம் சொல்லியே பெயர் வாங்கிய சாமிவேலு சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2008இல் அத்தொகுதி அவரைக் கைவிட்டதற்குக் காரணங்கள் பல, டோல் மட்டுமே அல்ல. ஆனாலும் சாலையில் காசு வாங்குபவர் யார், அது எங்கே போகிறது என்ற சந்தேகம் இந்த வட்டாரத்தில் பழைய சொத்து. டில்லி நுழைவில் 2015 முதல் லாரிகளிடம் வாங்கிய சுற்றுச்சூழல் கட்டணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவழிக்கப்படாமல் கிடந்தது அந்தச் சந்தேகத்துக்குத் தீனி. ஸ்டாக்ஹோம்காரர்களால் நகராட்சியைத் தேர்தலில் கேள்வி கேட்க முடிந்தது. ஈப்போவில் ஒரு காலத்தில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகராட்சித் தேர்தலில் வென்று ஊரை நடத்தியது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்று ஈப்போ மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள். கட்டணம் விதிப்பவரை மாற்றும் வாக்குச்சீட்டு இல்லாத ஊரில், அதற்குப் பதில் குறைந்தபட்சம் ஆறு மாதச் சோதனை ஓட்டமும், தொகுதிவாரியாக வரவு செலவைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒட்டிக் காட்டும் கடமையும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்தால் சுங்கை சிப்புட்டும் பத்து காஜாவும் அதில் சேர வேண்டும், ஈப்போ எல்லைக்குள் வாழ்பவர் மட்டும் போதாது.

கடைசியாக ஒரு பணக்கணக்கு. மாசுக் கட்டணம் வெற்றிபெற்றால் வருமானம் குறையும். மிலானில் அதுதான் நடந்தது: சில ஆண்டுகளில் பெரும்பாலோர் தூய எஞ்சினுக்கு மாறிக் கட்டணத்திலிருந்து தப்பினார்கள், நெரிசல் திரும்பியது, 2012இல் ஏறத்தாழ எல்லாக் கார்களுக்கும் ஐந்து யூரோ என்று மாற்ற வேண்டியதாயிற்று. பேராக்கில் இந்தப் பணத்தை நம்பிப் பஸ் ஒப்பந்தம் போட்டால், காற்று தூய்மையாகும் ஆண்டில் பஸ் நிற்கும். சுங்கை சிப்புட்டுக்கும் கோப்பேங்குக்கும் ஓடும் பஸ்ஸின் செலவு மாநில, மத்திய வரவு செலவுத் திட்டத்திலிருந்து வரட்டும். கட்டணப் பணத்தைப் பழைய வண்டிகளை மாற்றவும் லோரி எஞ்சின்களைச் சீர்படுத்தவும் மட்டும் ஒதுக்கலாம். அந்த வேலை முடியும்போது அந்தப் பணமும் தீர்ந்துபோவதில் யாருக்கும் நட்டமில்லை.