நீரைப் பிறப்பிப்பது

அகராதி ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத் தருகிறது. வழக்கு இன்னொன்றைத் தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்வரை சொல் நலமாயிருக்கும். எதிரெதிர்த் திசையில் அவை நடக்கத் தொடங்கினால், அச்சொல்லைச் சற்றே நிறுத்தி விசாரிப்பது மொழிமேல் பற்றுள்ளோர் கடன். அவ்வாறு விசாரிக்க வேண்டிய சொற்களுள் ஒன்று 'ஹைட்ரஜன்'.

1766-இல் ஆங்கிலேய அறிஞர் ஹென்றி கேவண்டிஷ், உலோகத்தின்மீது அமிலத்தை ஊற்றி வெளிப்பட்ட வாயுவை ஆராய்ந்து எழுதினார். அவர் அதனை 'எரியும் காற்று' என்றே குறித்தார். கண்டதைச் சொன்ன பெயர் அது. அக்காற்று எரிந்தபின் கலத்தின் உட்சுவரில் பனித்துளிபோல் நீர் படிவதைப் பின்னர் அவரே கண்டார். அந்த நீருக்குச் சரியான விளக்கம் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். ஐம்பூதங்களுள் ஒன்றெனக் காலங்காலமாய்க் கருதப்பட்ட நீர் தனிப்பொருளன்று, இரு பொருள்களின் கூட்டு என்று 1783-இல் அவர் அறிவித்தார். அவரும் தோழர் மூவரும் 1787-இல் வெளியிட்ட வேதியியற் பெயரிடு நூலில், 'நீர்', 'பிறப்பித்தல்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரைச் சூட்டினர். நெருப்பில் புகுந்து நீராய் வெளிவருவது என்ற அரிய உண்மை ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியது.

அதே முறையில் அமைந்த உடன்பிறப்புச் சொல் 'ஆக்சிஜன்'. அதன் பொருள் 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர். உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் அது அறவே இல்லையென 1810-இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். அமிலத் தன்மைக்கு உரியது உண்மையில் ஹைட்ரஜனே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் மாறவில்லை. நாமோ அதனைப் 'பிராணவாயு' என்றும் 'உயிர்வளி' என்றும் அழைத்து, அப்பிழைக்கு உள்ளாகாமல் தப்பினோம்.

ஹைட்ரஜனில் நமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நீரகம், நீரியம், நீர்வளி, நீர்வாயு எனப் பல சொற்கள் எழுந்தன. ஈழத்துப் பாடநூல்கள் தமிழ் ஒலிமரபுக்கு இசைய 'ஐதரசன்' என்றன. தமிழகப் பாடநூல்கள் 'ஹைட்ரஜன்' என்றே நிலைத்தன. 'நீரகம்' செவிக்கு இனியது. ஆனால் அது நீர் உறையும் இடம் என்றோ, நீரின் உள்ளே இருப்பது என்றோ பொருள்படும். 'நீர்வளி' நீராவியோ என மயங்க வைக்கும். நான்கிலும் நீர் இருக்கிறது, பிறப்பித்தல் இல்லை. ஒலிபெயர்ப்பிலோ இரண்டும் இல்லை. ஜெர்மானியர் 'நீர்ப்பொருள்' என்றும், ஜப்பானியர் 'நீர்மூலம்' என்றும் பொருள்பட வழங்கும் சொற்களில், பொருளின் ஒரு பாதியேனும் கண்ணெதிரே நிற்கிறது.

அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் பொதுமக்கள் செவியில் பேரொலியாய் விழுந்தது 'ஹைட்ரஜன் குண்டு' என்ற தொடரிலேதான். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா அத்தகைய குண்டொன்றை வெடித்தபோது, 23 பேருடன் சென்ற ஜப்பானிய மீன்பிடி மரக்கலத்தின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. அவர்களுள் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் உயிர்நீத்தார். ஜப்பானிய மொழியில் அக்குண்டைக் குறிக்கும் சொல்லில் 'நீர்' என்னும் எழுத்தும் 'வெடி' என்னும் எழுத்தும் அருகருகே நிற்கின்றன. படிக்கும்தோறும் அந்த முரண் அவர்கள் கண்ணை உறுத்தும். நமக்கோ உறுத்த ஏதுமில்லை. பொருள் அறியாத சொல்லுக்கு அச்சம் ஒன்றே பொருளாகி நின்றது.

இன்று அச்சம் போய் விளம்பரம் வந்திருக்கிறது. புதிய தொடர் 'பசுமை ஹைட்ரஜன்'. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தி என்னும் இலக்குடன் 2023 சனவரியில் நடுவண் அரசு ஒரு தேசியத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட துறைமுகங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. இவ்வாயுவுக்கு நிறம் கிடையாது. பசுமை, சாம்பல், நீலம் என்னும் அடைமொழிகள் அது பிறந்த வழியைச் சுட்டுவன. இயற்கை எரிவாயுவைச் சிதைத்துப் பெற்றால் சாம்பல். அதில் வெளிப்படும் கரியமில வாயுவைப் பிடித்து அடைத்தால் நீலம். காற்றாலும் கதிரவனாலும் கிடைக்கும் மின்சாரம் கொண்டு நீரைப் பிளந்தால் பசுமை. உலகில் இன்று உற்பத்தியாவதில் மிகப் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்துமே வருகிறது.

இங்கேதான் சொல்லின் மூலப்பொருள் நமக்கு உதவுகிறது. நீரைப் பிறப்பிப்பது என்று பெயர் பெற்றது, பசுமை வழியில் நீரை அழித்தே பிறக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ தூய நீர் வேண்டும் என்பது வேதியியற் கணக்கு. நடைமுறையில் இன்னும் கூடும். எரியும்போது அந்நீர் மீண்டும் பிறக்கும் என்பதும் மெய்யே. ஆனால் எடுத்த ஊரில் அது பிறப்பதில்லை. வாயு கப்பலேறிச் சென்ற ஊரில் ஆவியாய்ப் போகும். மழை குறைந்த கடலோர மாவட்டத்து மக்கள், 'இந்த நீர் எங்கிருந்து?' என்று கேட்டால் அது முன்னேற்றத்திற்குப் பகையான கேள்வியாகாது. கடல்நீரை நன்னீராக்கி எடுப்பதானால் அதற்குரிய செலவையும், எஞ்சும் உப்பு நீர் சேருமிடத்தையும் சேர்த்துச் சொல்வது முறை. கரியமில வாயு குறைய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு சொல் அதன் விலையை மறைக்கலாகாது என்பதே நம் வாதம்.

ஆகவே எந்தத் தமிழ்ச்சொல்லை ஏற்பது என்பது புலவர் வழக்காடலோடு முடிவதன்று. 'ஹைட்ரஜன்' என்றே வழங்கினும் வழங்குக. ஆனால் பள்ளியில் அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் 'நீரைப் பிறப்பிப்பது' என்ற பொருளையும் உடன் கற்பிக்கட்டும். எதனைப் பிறப்பிக்கிறது என்று அறிந்த பிள்ளை, எதிலிருந்து பிறந்தது என்று கேட்கவும் அறியும்.