நினிவேயும் கருணாபுரமும்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். இத்தகைய துயரங்களின்போது 'இது பாவத்தின் தண்டனை, இனியேனும் திருந்துங்கள்' என்னும் பேச்சு எளிதில் எழுகிறது, நம்மவரிடையேயும் உண்டு. துன்பம் மனிதனைத் தவ்பாவுக்கும் துஆவுக்கும் அழைத்துச் செல்லும் என்பதற்கு விவிலியத்தில் சான்று தேடுவோர் முதலில் நாடுவது யோனாவின் நூலை. அதனை ஊன்றிக் கற்ற நமக்கு வேறொன்று புலப்பட்டது.

யோனா, நாம் யூனுஸ் நபி (அலை) என அறிபவரே. புயலில் பிற தெய்வங்களை வணங்கும் மாலுமிகள் மன்றாட, தூதரோ கப்பலின் அடித்தட்டில் உறங்குவதாக அந்நூல் சித்திரிக்கிறது. மீன் வயிற்றில் அவர் செய்யும் வேண்டுதல் நன்றிப் பாடலாகவே அமைந்துள்ளது. தம் பிழையை ஒப்பும் சொல் அதில் இல்லை. அல்குர்ஆனின் அன்பியா அத்தியாயத்திலோ அவ்வொப்புதலே அவரது துஆவின் உயிர். நபிமார் பற்றிய நம் கொள்கை விவிலியச் சித்திரத்தை ஏற்காது. எனினும், திருந்தச் சொல்பவனே கடைசியில் திருந்துகிறான் என்னும் அதன் அங்கதம் போதகர் எவரையும் சுடக்கூடியது, நம்மையும்தான்.

நினிவேயில் மக்கள் நோன்பிருக்கின்றனர். அரசன் அரியணை விட்டிறங்கிச் சாம்பலில் அமர்கிறான். மன்றாடுவதோடு, கைகளிலுள்ள கொடுமையையும் கைவிடுமாறு அவன் ஆணை கூறுகிறது. இவ்வளவும் நிகழ்வது அழிவு வருமுன், எச்சரிக்கை கேட்ட அளவில் என்பதை நம் சொற்பொழிவாளர்கள் கவனிப்பதில்லை. துன்பம் விழுந்தபின் காரணம் கற்பித்தோரின் கதை யோபு நூலில் உள்ளது. அய்யூப் நபியாகிய (அலை) அவரிடம் 'உன் பாவமே காரணம்' என்று வாதித்த நண்பர்களை இறுதியில் இறைவனே கடிந்துகொள்கிறான்.

கல்வராயன் மலைச் சாராயம் எவருக்கும் புதிய செய்தியன்று. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எச்சரிக்கை அதுவே, அப்போது அரியணை விட்டிறங்கியவர் எவருமிலர். கருணாபுரத்துக்குப் பின்னரே இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கல்வராயன் மலைப் பழங்குடியினரின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்ததும் அதன் பிறகுதான். இழவு வீட்டு வாசலில் நின்று தவ்பாவைப் பற்றிப் பேசுபவர், தாம் ஏந்தி நிற்பது யோனாவின் நூலையா, யோபின் நண்பர்களது வாதத்தையா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.