கற்றுக்கொடுத்த கை யாருடையது?

நமது கைவினைகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு வந்துவிட்டது. முதற் பந்தியில் ‘மறைந்துவரும் கலை’ என்ற பெருமூச்சு. இரண்டாவதில் பிளாஸ்டிக் பாய் மீது ஒரு வசை. நடுவில், சுவரோரம் குந்தியிருந்து பாய் இழைக்கும் ஒரு மூதாட்டியின் படம். படத்துக்குக் கீழே பெயர் இராது. கடைசியில், உரியவர்கள் கவனிக்க வேண்டும் என்ற வேண்டுகோள். பன் எப்படிப் பதப்படுகிறது, அந்த மூதாட்டி யாரிடம் படித்தார், அவரிடம் இப்போது யார் படிக்கிறார் என்பவற்றைக் கேளாமலே கட்டுரை முடிந்துபோகும். கலைக்காக அழுகிறார்கள், கற்பித்தவளை விட்டுவிடுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. இலங்கைக் கைவினை பற்றிய எழுத்துக்கெல்லாம் மூலநூல் என்று சொல்லத்தக்கது ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’. 1908இல் இங்கிலாந்தின் பிராட் காம்ப்டனில், எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் கைப்பொறியில், 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டது. இன்று எடுத்துப் படித்தாலும் மலைப்புத் தருகிற நூல். கைவினைஞனின் சமூக நிலையை விளக்குவதும் தன் பணி என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறது. நிலமானியம், ராஜகாரிய ஊழியம், சாதித் தொழில் எல்லாவற்றையும் விரித்துப் பேசுகிறது. பொருளை மட்டும் பார்த்து ரசித்துவிட்டுப் போகாமல், அதைச் செய்தவன் எதைத் தின்று, எந்தக் காணியில் இருந்து செய்தான் என்று கேட்டதுதான் அவருடைய பெருமை. அந்த வகையில், நூறு வருடம் கழித்து எழுதும் நம்மில் பலரைவிட அவர் முன்னுக்கு நிற்கிறார்.

ஆனால் அவர் வரைந்த படத்தில் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. குருவும் சீடனும் ஆண்கள். அவர் எடுத்துக்கொண்ட கண்டி இராச்சியத்துச் சிற்பாசாரி, தட்டான், சித்தர குடும்பங்களுக்கு அது பொருந்தும். கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை. நூலின் எல்லை கண்டி. அதில் குறை சொல்வதற்கில்லை. எல்லை குறித்து எழுதிய ஒரு நூலை நாடு முழுவதுக்குமான சட்டமாக எடுத்துக்கொண்ட பின்வந்தவர்கள்தான் பிழை செய்தார்கள்.

இந்த நூலுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்கிறார். 1903 தொடக்கம் கண்டிக் கிராமங்களில் அவரோடு கூடச் சுற்றியவர், நூலின் படங்களில் பெரும்பங்கை எடுத்தவர், அவருடைய அப்போதைய மனைவி எதெல். பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் ‘கொஸ்பல்ஸ்’ என்ற நெசவுப் பட்டறையை நடத்தியவர். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு கைநூல் எழுதினார். 1942இல் கைநெசவும் கல்வியும் பற்றி இன்னொன்று. அவரது தறிகளில் பழகிப்போன மாணவர்கள் பலர் தாமும் ஆசிரியர்களானார்கள். கணவர் கைவினையைப் பற்றி எழுதிக் கலைத் தத்துவத்துக்குப் போனார். மனைவி கையைச் சாயத்தில் நனைத்தார். எங்களுடைய பாடநூல்களில் முன்னவர் மட்டும் இருக்கிறார். எழுதினவருக்குப் பெயர், படிப்பித்தவருக்கு அடிக்குறிப்பு. மூதாட்டியின் பெயரில்லாப் படம் இதன் அடுத்த தலைமுறைதான்.

இனி நம்முடைய பக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழமை. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. குடி தாய்வழியில் வருகிறது. இதை மானிடவியலாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். திருமணமும் சொத்தும் பற்றிப் பேசுகையில் அந்த அமைப்பை எடுப்பவர்கள், கைத்தொழில் பற்றிப் பேசுகையில் ஏனோ மறந்துவிடுகிறார்கள். உம்மா, மூத்தம்மா, பெரியம்மா, சாச்சி எல்லாரும் ஒரே வளவில், அல்லது வேலிக்கு அந்தப் பக்கம். கலியாணம் முடித்தாலும் பிள்ளை இடம் மாறுவதில்லை. படித்த கை படிப்பித்த கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. கல்யாணத்தோடு மகள் வேறு ஊருக்குப் போய்விடுகிற சமூகத்தில் தாய் கற்பித்த தொழிலும் அவளோடு புறப்பட்டுவிடும். இங்கே அப்படியில்லை. பன்பாய் இழைப்பு பெண்கள் கையில் இவ்வளவு காலம் நின்றதற்கு இந்தக் குடியிருப்பு முறை ஒரு முக்கிய காரணம் என்பது என் வாதம். குமாரசுவாமியின் தகப்பன்–மகன் படத்துக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒரு தாய்–மகள் படம் இருக்கிறது. அதை வரைய ஆளில்லை.

அந்தப் படிப்பு எப்படி நடக்கும்? பன்னை வெட்டி, வெயிலில் காயப்போட்டு, சாயப் பானையில் அவித்து, மறுபடி உலர்த்தி எடுத்த பிறகுதான் இழைப்பு. தொடக்கமும் ஓரமும் கஷ்டம், நடு இலேசு. ஆகவே நடுவைக் கொடுத்துத்தான் பிள்ளையைப் பழக்க முடியும். “பேசாம கையப் பாரு புள்ள” என்கிற மாதிரியான படிப்பு அது. விளக்கம் இல்லை, கரும்பலகை இல்லை. பிழை விட்டால் அவிழ்த்துத் திரும்ப இழைக்க வேண்டியதுதான். எத்தனை பன்னைத் தாண்டி எத்தனையாவதைத் தூக்குவது என்பதே கோலம். எண்ணத் தெரியாமல் ஒரு கோலமும் விழாது. எழுத்தறியாதவள் என்று நாம் குறித்துவைத்திருக்கும் ஒரு பெண்ணின் தலைக்குள் இந்தக் கணக்கு முழுவதும் கிடக்கிறது.

மருதமுனைக் கைத்தறி பற்றியும் ஒரு வார்த்தை. சாரனும் சாரியும் நெய்யும் அந்த ஊரை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் அடித்தது. அதன் பிறகு வந்த எழுத்தெல்லாம் அழிந்த தறியைப் பற்றியது. தறி போனால் தறி செய்யலாம். பாவு போடத் தெரிந்தவர் போனால்? இழந்தவற்றின் பட்டியல்களில் அதற்கு ஒரு நிரல் இருப்பதில்லை.

கொழும்புப் பக்கத்து வெற்றிக் கதைகளையும் பார்க்க வேண்டும். 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்பூட் நிறுவனத்தின் துணிகளில் வடிவமைப்பாளரின் பெயர் உலகம் அறிந்தது. நெய்தவர்களின் பெயர் அப்படியல்ல. எனா டி சில்வாவின் கதை கொஞ்சம் வேறு. பத்திக் கலையில் பேரெடுத்தவர், 1980களில் மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களோடு தையல், பத்திக் வேலைகளை வளர்த்தார். வந்து பாடம் நடத்திவிட்டுப் போகவில்லை, அங்கேயே இருந்தார். ஆனாலும் அவருக்குக் காணியும் வீடும் பெயரும் இருந்தன. நம்முடைய பாய்க்காரிக்கு இருப்பது இரண்டு கை. இதை மறந்துவிட்டு ‘அவரைப்போல் செய்யலாமே’ என்று உபதேசிப்பது இலேசு.

பயிற்சிநெறிகளின் சங்கதியும் இதுதான். சில மாதம், வருகைப் பதிவு, சான்றிதழ் விழா, குழுப் புகைப்படம். போதனாசிரியராக வர ஒரு தகைமைச் சான்றிதழ் வேண்டும். மூத்தம்மாவிடம் அது இருக்காது. அவரிடம் படித்துப் பின் சான்றிதழ் எடுத்த பேத்திக்கு வேண்டுமானால் கொடுப்பனவு கிடைக்கும். மூத்தம்மாவுக்கு ஒரு பொன்னாடை. பொன்னாடை இயந்திரத் தறியில் நெய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமது ஆய்வாளர்கள் அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதலாம். அறிவிப்பாளர்களின் உஸ்தாத் வரிசையை, இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று, ஒரு கண்ணி விடாமல் எழுதி வைத்த மரபு நம்முடையது. அந்த ஒழுங்கை ஒரு பாய்க்கும் தரலாம்: இழைத்தவர் பெயர், அவருக்குக் காட்டியவர் பெயர், அவருடைய உம்மாவின் பெயர், எந்தக் குடி, எந்த வளவு, கோலத்துக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர், சாயம் எது. அவர் சம்மதித்தால் மட்டும். பன் வெட்டிய சதுப்பின் பெயரையும் எழுத வேண்டும். ஊரோரச் சதுப்புகள் மண் நிரப்பி வீட்டுக் காணியாகிக்கொண்டிருக்கின்றன. பன் இல்லாத ஊரில் எந்த மூத்தம்மா எதை வைத்துப் படிப்பிப்பார்?