மிருதங்கத்தில் இருப்பது யாருடைய விஞ்ஞானம்?

கலையும் விஞ்ஞானமும் சந்திக்கிற இடம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், தவறாமல் வந்து நிற்கிற பெயர் சர் சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1934-இல் இந்திய விஞ்ஞான அகாடமியின் இதழில் விரிவாக எழுதினார். விஷயம் இதுதான். சும்மா இழுத்துக் கட்டிய வட்டத் தோலை அடித்தால் அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்தைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று தாறுமாறாகக் கிடக்கும். சத்தம் வரும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவே கறுப்பாக ஒரு 'சோறு' அப்பியிருக்கிறது. அந்தக் கனம்தான் மேல்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. தோல்மேல் மணலைத் தூவி, அது ஒதுங்குகிற கோடுகளை வைத்து ராமன் இதைக் காட்டினார். பெரிய வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கேள்வி வேறு. ராமன் கண்டது விதியை. அந்த விதிப்படி தோலை ஏற்கனவே பேச வைத்திருந்தது யார்? 'நம் முன்னோர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். யாருடைய முன்னோர்கள்? மாட்டுத் தோலைத் தொட்டவனைத் தெருவுக்குள் விடாதவர்களின் முன்னோர்களா?

மிருதங்கம் செய்கிற வேலையைப் பாருங்கள். பலாக் கட்டை. பசு, ஆடு, எருமை என்று மூன்று வகைத் தோல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துக்கு. கிட்டக் கல்லை நுணுக்கி, குழைந்த சோற்றோடு பிசைந்து, வலந்தலையின் நடுவில் துளி வைத்து, தேய்த்து, காயவிட்டு, தட்டிக் கேட்டு, மறுபடி துளி வைக்கிறார்கள். அடுக்கடுக்காக இப்படியே போகிறது. எந்த அடுக்கில் நிறுத்தணும் என்பதைக் காது சொல்லும். ஒன்றை மாற்று, விளைவைக் கவனி, மறுபடி மாற்று. சோதனைக்கூடத்தில் செய்தால் இதற்குப் பெயர் ஆராய்ச்சி. சேரியில் உட்கார்ந்து செய்தால் 'கைவேலை'. உழைப்பை ஒருத்தன் கணக்கிலும் அறிவை இன்னொருத்தன் கணக்கிலும் எழுதுவது சாதியின் பழைய கணக்குப்பிள்ளைத்தனம்.

இதை நான் ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்க பக்கத்தில் 'டிரம்' என்றால் சபாவில் வாசிப்பது இல்லை. டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர உருளை. என் அப்பா சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அவர் கூட்டாளிகள் தோலைத் தடவியே, "இது வெயில்ல காஞ்சது, இதுக்கு உப்பு ஒழுங்கா ஏறல" என்று சொல்லிவிடுவார்கள். மயிர் எடுத்துச் சதை வழிக்கிற வரைக்கும் செருப்புத் தோலுக்கும் மேளத் தோலுக்கும் ஒரே பாதைதான். அப்புறம்தான் பிரியும். செருப்புக்குப் போகிற தோலுக்கு ஆவாரம்பட்டையோ குரோமோ ஏறணும். அப்போதுதான் மெத்தென்று ஆகும், அழுகாது. மேளத் தோலுக்கு அது ஏறக்கூடாது. பச்சைத் தோலாகவே காய்ந்து விறைத்தால்தான் நாதம். இந்த நுணுக்கத்தைப் பரம்பரையாகக் கையில் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்து ஒலியியல் பாடத்தில் தங்கள் தெருவின் சுவடே தட்டுப்படுவதில்லை.

சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. ஒரு பக்கம் தோலின் விஞ்ஞானம், இன்னொரு பக்கம் தோல் இல்லாவிட்டால் தாளமே நிற்காத கலை. நடுவில் எவ்வளவு தூரம் என்பது 2020-இல் தெரிந்தது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை வெளியிட அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பசுவின் தோலைப் பற்றியும் அதைத் தொட்ட கைகளைப் பற்றியும் பேசினால் அரசியலாம். அந்தத் தோலின்மேல் விரல் வைத்து வாசித்தால் கலையாம்.

அந்த நூல் முக்கியமானது. பாலக்காடு மணி ஐயரைத் தெரியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவைத் தெரிந்தவர் எத்தனை பேர்? தஞ்சாவூரின் அந்தத் தலித் கிறித்தவக் குடும்பத்தின் பெயரை அட்டையிலேயே ஏற்றியது நேர்மையான காரியம். ஆனாலும் அது மேடையில் பாடுகிறவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல். செய்கிறவர்கள் அதில் பேசுகிறார்கள், அவர் கேட்ட கேள்விகளுக்கு. அவர்களே கேள்வி கேட்டு, அவர்களே எழுதுகிற நூல் இன்னும் பாக்கி. அதை எழுதவேண்டியது அவர் இல்லை, நாம்.

இப்போது தோலே வேண்டாம் என்கிற தொழில்நுட்பமும் வந்துவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த பொறியியலாளரும் கர்நாடக இசைப் பாடகருமான கே. வரதரங்கன், பாலியெஸ்டர் படலத்தைக் கொண்டு செயற்கை மிருதங்கம் உருவாக்கியிருக்கிறார். கட்டைக்குப் பதில் ஃபைபர் கிளாஸ். ஈரக்காற்றுக்குச் சுருதி இறங்காது, தூக்கிப்போகச் சுலபம், மாடும் சாகவேண்டாம் என்கிறார்கள். மென்பொருளில் ஒவ்வொரு சொல்லையும் பதிந்து வைத்து விரல் தொட்டால் ஒலிக்கவைக்கிற மிருதங்கமும் இருக்கிறது.

நான் இதை எதிர்க்கவில்லை. தோல் நாற்றத்திலேயே நம் பிள்ளைகள் கிடக்கணும் என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது. 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொன்னார். பறையடிக்க மாட்டோம் என்று ஊரை எதிர்த்து நின்றவர்களும் நம்மவர்கள்தான். பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றியவர்களும் நம்மவர்கள்தான். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'சுத்தமான மிருதங்கம்' என்று கொண்டாடுகிற குரலில் இருப்பது மாட்டின்மேல் உள்ள கருணை மட்டும்தானா? பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நம் குழுக்களில் பலர் மழைக்கும் பனிக்கும் பயந்து பிளாஸ்டிக் முகம் போட்ட பறையை எடுத்துவிட்டார்கள். தீ மூட்டிக் காய்ச்சுகிற வேலை மிச்சம். தோல் போய்விட்டது. பறைக்கு ஒட்டிய தீட்டு போயிற்றா? 'சாவு மேளம்' என்கிற பேச்சு நின்றதா? பொருள் மாறினால் சாதி மாறாது. செயற்கை மிருதங்கத்தால் தீட்டு கழியாது. தீட்டு சுமந்தவன்தான் காட்சியிலிருந்து கழிந்துபோவான். அந்தப் படலத்தை எந்த நாதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்? தோல்காரனின் காது தேர்ந்த நாதத்தோடு. பதிவு செய்து விற்கிற ஒலியும் அவன் கட்டிய தோலின் ஒலி. வாசித்தவருக்குப் பெயராவது உண்டு. கட்டியவருக்கு அதுவும் இல்லை.

புதுத் தொழில்நுட்பம் எங்கள் ஊருக்குப் புதுசில்லை. ஆவாரம்பட்டை போய் குரோம் வந்தது. ஏற்றுமதி ஏறியது, பாலாறு செத்தது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டதென்ற கணக்கை 1996-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் உத்தரவு போடவேண்டியிருந்தது. அதனால் எந்தப் புதுக் கருவி வந்தாலும் நாங்கள் கேட்பது மூன்று: அறிவு யாருடையது? லாபம் யாருக்கு? கழிவு யார் உடம்பில்?

சபாக்களையும் பல்கலைக்கழகங்களையும் கேட்கிறேன். கச்சேரி அழைப்பிதழில் வாசிக்கிறவர் பெயருக்குக் கீழே வாத்தியம் செய்தவர் பெயரைப் போடுங்கள். ஒலிப்பதிவை விற்றால் அவருக்கும் பங்கு கொடுங்கள். ராமனின் ஆய்வைப் பாடத்தில் சொல்லும்போது, சோறு வைக்கிறவரை வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குக் கொடுக்கிற மதிப்பூதியத்தைக் கொடுங்கள். நம் தோழர்களுக்கும் ஒன்று: ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைத் தடவியே அதன் சரித்திரம் சொல்கிற பெரியவங்க இன்னும் இருக்காங்க. உட்கார்ந்து கேட்டு, அவங்க பேச்சிலேயே எழுதுங்க. இந்த மாதமே தொடங்கலாம்.