நீலத்தைக் கடைசியில் பாருங்க: ஏற்காட்டின் சீகாரப் பூங்குயில்

சேர்வராயன் கோயில் பக்கம் போய்வந்த யாராவது “கருப்பா ஒரு பறவை, மைனா சைஸ்”னு படம் போட்டால், உடனே வரும் கேள்வி: “நீலம் தெரியுதா?” நம்முடைய பறவைக் கையேடுகள் பழக்கிய கேள்வி இது. என் விமர்சனமும் அவற்றின் மேல்தான்.

சீகாரப் பூங்குயிலின் (மலபார் விஸ்லிங் த்ரஷ்) நெற்றியிலும் தோளிலும் மின்னும் நீலம் சாயம் இல்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தெரியும் நிறம். காபித் தோட்ட நிழலில் அது வெறும் கருப்பு. அதைப் பார்த்து ‘இந்தியன் பிளாக்பேர்ட்’னு முடிவு செய்வது எளிது. ஆனால் ஆண் பிளாக்பேர்டுக்கு அலகும் கண்வளையமும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். இதற்கு அலகும் காலும் கருப்பு. இந்த வித்தியாசம் நிழலிலும் தெரியும்.

சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ ஆங்கில நூல் (1941) பழக்கவழக்கத்துக்குத் தனிப்பத்தி தருகிறது. ஆனால் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாகவே சொல்வதால், குழப்பும் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க முடிவதில்லை. கிரிம்மெட்–இன்ஸ்கிப் கையேடு (2011 பதிப்பு) ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் வரைகிறது. நடத்தையோ சில சொற்களில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் கண் முதலில் போவது படத்துக்கு, அதாவது நிறத்துக்கு.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: நம்பகமான சோதனையை முதலில் வைக்கணும். இங்கே அந்த வரிசை இடம், நடத்தை, அலகு, கடைசியில் நிறம். ஓடைக்கல் மேல் தாவி, வாலை விசிறிபோல விரித்தால் சீகாரப் பூங்குயில். நிழலில் சருகைப் புரட்டினால் பிளாக்பேர்ட். குளிர்காலத்தில், வெட்டவெளிப் பாறையில் நிமிர்ந்து உட்கார்ந்து பூச்சிக்காகத் தரையில் பாய்ந்தால், வலசை வரும் ‘புளூ ராக் த்ரஷ்’ஸை நினைக்கலாம். மழைக்கால விடியலில் மனிதர் சீட்டியடிப்பதுபோல நீளும் பாட்டு கேட்டால் சந்தேகமே வேண்டாம். மற்ற மாதங்களில் கூர்மையான ஒற்றைக் கூவல்தான் பெரும்பாலும் கேட்கும். பாட்டை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. சேர்வராயன் மலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு தீவு மாதிரி. ஈபேர்டில் நாம் ஏற்றும் பதிவுகளை வைத்துத்தான் ‘ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்’ போன்ற அறிக்கைகள் எழுதப்படுகின்றன. சிறிய மலையில் ஒரு தப்பான புள்ளிக்குக்கூட எடை அதிகம். அடையாளம் உறுதியாகலைன்னா “த்ரஷ் வகை”னு பதிந்துவிட்டு நகர்வதே நேர்மை.