ஓடும் வரைதான் வண்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகள் துண்டு துண்டாக விற்பனைக்கு நிற்கின்றன. பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தூண் இப்போது எந்தக் கூரையையும் தாங்கவில்லை. ஒரு பொருளைக் காப்பது என்றால் அதன் உருவத்தைக் காப்பதா, அது செய்த வேலையைக் காப்பதா? பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நகரத்தார் வீடு கட்டிய காரைக்குடிக்கும் அவர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் நடுவே ஒரு சிறு கடல்தான். ஆனாலும் இந்தியாவும் இலங்கையும் இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்களைச் சொல்லியிருக்கின்றன. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடாத வண்டி, காப்பாற்றப்பட்ட வண்டி ஆகாது.

இந்தியாவின் பதில் தாராளத்தில் பிறந்தது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் செய்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் என்ஃபீல்டு பெயரில் வண்டி வருவதே நின்றுபோன பிறகும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா 1996 வரை இயங்கியது. அதனால் பழைய புல்லட்டுக்கோ யெஸ்டிக்கோ உதிரிப் பாகம் தேடுவது இங்கே பெரிய தவம் இல்லை. இதில் ஒரு நஷ்டமும் உண்டு. பாகம் எளிதாகக் கிடைக்கும்போது பழுது பார்ப்பதைவிட மாற்றிப் போடுவதே வழக்கமாகிவிடுகிறது. தொட்டிக்குப் புது பெயின்ட், சைலன்சருக்குப் புதுக் குரோம் என்று வண்டி கல்யாண மாப்பிள்ளையாகிறது. பிறகு கண்காட்சிக்குப் போகிறது, திரும்பி வந்து உறைக்குள் தூங்குகிறது. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே வரவிட்டு, பிறகு முழு மூச்சில் ஒரே உதை. இடம் தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். இந்த அறிவு காலுக்குள் இருப்பது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்க முடியாதது.

சட்டமும் கண்காட்சியின் பக்கமே சாய்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று ஏற்றது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ‘வி.ஏ.’ என்ற தனி எழுத்து வரிசையும் உண்டு. இந்த அங்கீகாரம் நல்லதுதான். ஆனால் அப்படிப் பதிவான வண்டி கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் இறங்கலாம். தூணுக்கு மரியாதை செய்து கூரையை எடுத்துவிட்ட கதை இது.

இலங்கையின் பதில் பற்றாக்குறையில் பிறந்தது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள், இருக்கிற வண்டியை ஓட்டியே தீர வேண்டிய நிலையை உண்டாக்கின. 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் வெடித்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் யாழ்ப்பாணத்தில் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபுரேற்றருக்குள் பீச்சி எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தெற்கிலும் கைத்திறன் இப்படியே வளர்ந்தது. மோரிஸ் மைனர் காருக்கான தகடுகளை இலங்கையில் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லிற்றர் என்று பங்கீடு வந்தபோது, சிறிய பழைய ஹொண்டாக்களின் அருமை வீட்டுக்கு வீடு தெரிந்தது. அங்கே பழைய வண்டி அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. அது வீட்டில் உழைக்கும் ஓர் ஆள்.

துன்பத்தைத் திறமை என்று கொண்டாடலாமா என்று கேட்பார்கள். கூடாது. தடை ஒரு கொடுமை. மண்ணெண்ணெய்ப் புகை எஞ்சினையும் நெஞ்சையும் சேர்த்துக் கெடுத்தது. நான் போற்றுவது தடையை அல்ல, அதற்குள்ளும் வண்டியைச் சாகவிடாத கைகளை. ஒட்டுப்போட்ட வண்டி அசல் ஆகுமா என்பது அடுத்த கேள்வி. லேத்தில் கடைந்து போட்ட ஒரு புஷ், அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் சான்று. புதுக் குரோம் அந்தச் சான்றை அழித்துவிடுகிறது. புகையும் பாதுகாப்பும் மூன்றாவது கேள்வி. இதில் நியாயம் உண்டு. பழைய டிரம் பிரேக்கை நெடுஞ்சாலை வேகத்துக்கு நம்ப முடியாது. ஆனால் மாதத்துக்குச் சில நாள், குறித்த தூரம், குறைந்த வேகம், ஆண்டுதோறும் புகைச் சோதனை என்று வரம்பு கட்டி அனுமதித்தால் போதும். சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியால் ஊர்க்காற்று கெட்டுவிடாது.

ஆக, இந்தியாவின் பாக வளமும் பதிவு ஒழுங்கும் இலங்கையின் ஓட்டும் பழக்கத்தோடு சேர வேண்டும். அதைத் தொடங்கச் செட்டிநாடு தகுந்த இடம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் துருவையும் முலாமையும் ஆராய்ந்து வருகிறது. பழைய இரும்பைத் துருவிலிருந்து காக்கும் அறிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பட்டறை வரை கொண்டுவர வேண்டும். வீட்டுக் கொல்லையில் தாத்தாவின் புல்லட்டோ ஜாவாவோ நிற்குமானால், பெயின்ட் அடிப்பதற்கு முன் அதைக் கிளப்பத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் ஓர் இளைஞனைப் பழக விடுங்கள். வண்டி இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். அவரால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.