அரக்கன் உயர்திணையா, அஃறிணையா?

அச்சத்திற்கு உருவம் கொடுத்துப் பார்ப்பது மனித இயல்பு. இருளைக் கண்டு அஞ்சியவன் பேயைப் படைத்தான். காட்டைக் கண்டு அஞ்சியவன் அரக்கனைப் படைத்தான். ஆழ்நீரைக் கண்டு அஞ்சியவன் நாகத்தைப் படைத்தான். படைத்ததோடு அவன் அமையவில்லை. அவை எங்கே பிறந்தன, ஏன் சினந்தன, எதனால் அழிந்தன என்று கதையும் கூறினான். அக்கதைகளே தொன்மங்கள். காப்பியத்திலும் கூத்திலும் கோயிற் சிற்பத்திலும் வாழ்ந்த தொன்ம மாந்தர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதியதோர் இல்லம் புகுந்தனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, பகடை உருட்டி, வாய்ச்சொல்லால் கதை வளர்க்கும் பாத்திர ஆட்டமே அவ்வில்லம்.

அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய இவ்வாட்டங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும், அரக்கன், நாகம் முதலியோரைக் காப்பியத்தில் சந்திப்பதற்கு முன்னரே, இவ்வாட்டங்களிலோ இவற்றின் வழிவந்த கணினி ஆட்டங்களிலோ மாணவன் சந்தித்துவிடும் காலம் இது. ஆகவே, அங்கே அவர்கள் என்ன பொருள் பெறுகின்றனர் என்று ஆராய்தல் மொழியாசிரியர்க்குரிய கடமையாகும். அதற்கான அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. இடம், பெயர், திணை எனத் தமிழிலக்கணம் வகுத்த மூன்றுமே போதும்.

படையிலிருந்து பாத்திரத்திற்கு

போரை ஆட்டமாக்கும் கலை பழமையானது. சதுரங்கம் என்னும் பெயரே நால்வகைப் படையைக் குறிக்கும். ஐரோப்பாவில், பிரஷ்ய நாட்டுப் படையதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தையார் தொடங்கிய போர் ஆட்டத்தைத் திருத்தி 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிலப்படம், பகடை, நடுவர் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. 1913ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூல், பொம்மை வீரர்களைக் கொண்டு போர் ஆடும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பித்தது. இவ்வாட்டங்களில் ஆடுபவர் படைத்தலைவர், பொம்மைகள் படைவீரர். 'படை முன்னேறியது', 'குதிரைகள் வீழ்ந்தன' என்று யாவும் படர்க்கையில் நிகழ்ந்தன.

1971ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவரும் 'செயின்மெயில்' என்னும் விதிநூலை வெளியிட்டனர். ஐரோப்பிய இடைக்காலப் போர்முறைக்கென எழுதப்பட்ட அந்நூலின் இறுதியில், மந்திரவாதிகளும் டிராகன்களும் தோன்றும் கற்பனைப் போர்களுக்கான பகுதியொன்று சேர்க்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் நடத்திய 'பிளாக்மூர்' என்னும் ஆட்டத்தில், ஆடுபவர் ஒவ்வொருவரும் படையை விடுத்து ஓர் ஆளின் வாழ்வைப் பொறுப்பேற்றனர். இவ்விரு நீரோட்டங்களும் கலந்ததன் விளைவாக, 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. ஒருவர் கதையை நடத்துவார். குகை எத்தகையது, கதவுக்கு அப்பால் என்ன ஒலி கேட்கிறது என்று அவர் விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வது யாதெனக் கூறுவர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை தீர்ப்பளிக்கும்.

'படை முன்னேறியது' என்று கூறி வந்தவர், இப்போது 'நான் கதவைத் திறக்கிறேன்' என்றார். படர்க்கை, தன்மையாயிற்று. இவ்வாட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இதுவே. ஏனையவற்றில் பெரும்பகுதி கடன் வாங்கியது. சிற்றுருவ மாந்தரும் ஆர்க்குகளும் டோல்கீன் தந்தவர்கள். ஒருமுறை ஓதியதும் நினைவைவிட்டு அகலும் மந்திரம் ஜாக் வான்சின் கதைகளிலிருந்து வந்தது. வெட்டினும் மீள வளரும் டிரோல், போல் ஆண்டர்சன் எழுதிய வீரசாகசப் புதினத்திலிருந்து இறங்கி வந்தது. ஒழுங்கு, குழப்பம் என்று உலகை இரு கூறாக்கும் கொள்கையை ஆண்டர்சனும் மைக்கேல் மூர்காக்கும் வழங்கினர். தொன்மம் நேரே மேசைக்கு வரவில்லை; வெகுசனப் புதினம் என்னும் வாய்க்கால் வழியாகவே வந்தது. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர் மறுப்புத் தெரிவித்தபின், 'ஹாபிட்' என்னும் பெயர் 'ஹாஃப்லிங்' எனப் பதிப்பில் மாற்றப்பட்டது. ஹாங்காங்கில் செய்து மலிவு விலைக்கு விற்கப்பட்ட நெகிழிப் பொம்மைகளைக் கண்டு, இரும்பைத் துருவாக்கி உண்ணும் விலங்கு முதலிய சில உயிர்கள் கற்பிக்கப்பட்டன. காப்பியமும் மலிவுப் பதிப்பும் பொம்மைக் கடையும் ஒரே மேசையில் கூடின.

இயற்பெயர் இனப்பெயரானது

1977ஆம் ஆண்டில் கைகாக்ஸ் தொகுத்த 'மான்ஸ்டர் மேனுவல்' வெளிவந்தது. 350க்கு மேற்பட்ட கொடிய உயிர்கள் அதில் ஆங்கில அகரவரிசையில் அணிவகுத்து நிற்கின்றன. அவை எத்தனையாகக் கூடித் திரியும், எவ்வளவு அடி தாங்கும், எத்தனை முறை தாக்கும், என்ன புதையல் வைத்திருக்கும் என்பன எண்களாகத் தரப்பட்டுள்ளன. ஆட்டத்தை நடத்துபவர்க்கு இது மிகவும் பயனுள்ள கையேடு. எனினும், தொன்மத்திற்கு நேர்ந்த முதல் மாற்றம் இந்நூலில் தெளிவாகத் தெரிகிறது.

கிரேக்கத் தொன்மத்தில் மெதூசா என்பவள் ஒருத்தியே. கார்கன் சகோதரியர் மூவருள் சாகும் விதி பெற்றவள் அவள் மட்டுமே. கடல் தெய்வத்தின் வன்செயலுக்கு ஆளாகி, அதன்பின் தானே சாபமும் பெற்றவள் என்று உரோமக் கவிஞர் ஒவிட் அவள் கதையைக் கூறுவார். கையேட்டிலோ மெதூசா ஓர் இனம். குகைதோறும் காணத்தக்க உயிர். கிரீட் தீவின் மினோட்டாரும் ஒருவனே. அரச குடும்பத்தின் அவமானத்தை மறைக்கச் சுழல்வழி மாளிகையில் அடைக்கப்பட்டவன் அவன். கையேட்டில் மினோட்டார்கள் பலர். இயற்பெயர் இனப்பெயராகிவிட்டது. பாபிலோனியத் தியாமத்துக்கு நேர்ந்தது வேறு வகை மாற்றம். தன் துணைவன் கொல்லப்பட்டபின் போருக்கு எழுந்த ஆதித்தாய் அவள். அவள் பெயர் இயற்பெயராகவே நின்றது. ஆனால் பெயருக்குரியவள் ஐந்து தலை டிராகனாகிவிட்டாள். துணைவனை இழந்த துயரத்திற்குக் கையேட்டில் இடமில்லை.

இயற்பெயருக்கும் இனப்பெயருக்கும் உள்ள வேறுபாடு இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. இயற்பெயர் உடையவனைப் பற்றி 'அவன் ஏன் இவ்வாறு ஆனான்?' என்று கேட்கலாம். இனத்தைப் பற்றி அவ்வாறு கேட்கும் வழக்கமில்லை. புலி ஏன் புலியாயிற்று என்று வினவுவார் யாருமில்லை.

புலித்தலை பெற்ற அரக்கன்

தமிழ் மாணவர் சிறப்பாகக் கருதத்தக்க சான்று 'இராட்சசன்' என்னும் பாத்திரம். அரக்கன் என்னும் தமிழ் வழக்கு அவ்வடசொல்லின் திரிபேயாம். 1975ஆம் ஆண்டில் கைகாக்சின் நிறுவனம் நடத்திய சிற்றிதழில் இப்பாத்திரம் முதலில் தோன்றியது; பின்னர்க் கையேட்டில் இடம்பெற்றது. முதலில் இந்தியாவில் அறியப்பட்ட தீய ஆவி அது என்று அறிமுகம் செய்யப்படுகிறது. மனிதர் உள்ளத்தைப் படித்து, அவர்கள் நம்பும் ஒருவரின் தோற்றத்தில் நெருங்கி, அவர்களையே உணவாக்கிக் கொள்ளும். மதகுருவின் ஆசிபெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் மாளும். கையேட்டின் ஓவியத்தில் அது புலித்தலையுடன், கனவானின் மேலங்கி அணிந்து, புகைக்குழாய் பிடித்து அமர்ந்திருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் உள்ளங்கைகள் புறத்தே திரும்பியனவாகவும் காட்டப்பட்டன.

இராமாயணம் கற்ற எவரும், இவ்வம்பும் இவ்விதியும் எந்தக் காண்டத்தில் உள்ளன என்று தேடித் திகைப்பர். அவற்றின் மூலம் காப்பியத்தில் இல்லை. 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், 1974ஆம் ஆண்டு இறுதியில் ஒளிபரப்பான ஒரு பகுதியே அதன் மூலம். சிக்காகோ நகரில் முதியோரைக் கொல்லும் அரக்கன், அவரவர் நம்பும் மனிதர் வடிவில் வருவதாகவும், ஆசிபெற்ற குறுக்குவில் அம்பால் அழிவதாகவும் அக்கதை அமைந்தது. வால்மீகியும் கம்பரும் பாடிய அரக்கன், ஒரு மணிநேரத் திகில் நாடகத்தின் வழியாக அமெரிக்க மேசையை அடைந்தான்.

இதில் ஒரு நன்மையையும் மறுப்பதற்கில்லை. வேற்றுரு எடுத்தல் அரக்கர்க்குரிய பண்பே. இராவணன் தவவேடம் பூண்டான், சூர்ப்பணகை அழகிய வடிவம் கொண்டாள், மாரீசன் பொன்மானானான். தொலைக்காட்சி எழுத்தாளர் இம்மாயத்தைச் சரியாகப் பற்றிக் கொண்டார். அவர் விட்டுவிட்டது மாயத்திற்குள் இருந்த மனத்தை. மாரீசன் விரும்பி மானாகவில்லை. இராமன் அம்பின் ஆற்றலை முன்னரே அறிந்தவன் அவன். இராவணனுக்கு அறிவுரை கூறினான். அஃது ஏற்கப்படாதபோது, சாவது உறுதி எனத் தெரிந்தே புறப்பட்டான். கம்பரின் கும்பகருணனோ, சீதையை விடுமாறு அண்ணனை வேண்டியவன். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோதும், தன்னை வளர்த்துப் போற்றிய அண்ணனைக் கைவிட இயலாது என்று மறுத்துச் செஞ்சோற்றுக் கடன் கழித்தான். இவ்விருவரின் பெருமையும் அவர்கள் தாங்கிய அடிகளின் எண்ணிக்கையில் இல்லை. தேர்ந்தெடுத்த முடிவில் இருக்கிறது.

மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுள் அடக்கும் நன்னூல். பேயும் பூதமும் வழக்கில் 'வந்தது' என்னும் முடிபு பெறினும், அரக்கன் 'வந்தான்', அரக்கி 'சொன்னாள்' என்பதே காப்பிய மரபு. கொடியவனேயாயினும் அவனுக்கு அறிவும் தேர்வும் உண்டு என்பது அம்மரபின் உட்பொருள். தேர்வு உள்ளவனுக்கே பழியும் உண்டு, திருந்தும் வழியும் உண்டு. கையேட்டின் அரக்கனுக்குத் தீமை பிறப்பிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. அவன் பேசலாம், புகைக்கலாம், மேலங்கி அணியலாம். எனினும் இலக்கண நோக்கில் அவன் அஃறிணையே. இதே கணக்கு தேவர்களையும் விட்டு வைக்கவில்லை. 1976ஆம் ஆண்டிலும் 1980ஆம் ஆண்டிலும் வெளிவந்த துணைநூல்களில், பல நாட்டுத் தெய்வங்களோடு இந்திரன் முதலிய தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளிகள் கணக்கிட்டுத் தரப்பட்டன. வழிபாட்டிற்குரியதும் கணக்கிற்குரியதாயிற்று.

பேச்சுக்கு உள்ள இடம்

இவ்வாட்டத்தின் குறையை மட்டும் காட்டுவது நடுநிலையாகாது. பெயரற்ற அரக்கர் ஆயிரமாயிரமாய் மாயும் காட்சி கம்பர் காட்டும் போர்க்களத்திலும் உண்டு. மேலும், 1974ஆம் ஆண்டு விதிநூலிலேயே ஒரு சிறந்த வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பட்ட உயிர் உடனே தாக்கும் என்பது விதியன்று. இரண்டு பகடைகள் உருட்டப்படும். கூட்டுத்தொகை சிறிதாயின் பகை, நடுத்தரமாயின் தயக்கம், பெரிதாயின் நட்பு. அரக்கனிடம் பேரம் பேசலாம்; அவனைத் துணையாகவும் சேர்க்கலாம். அந்நொடியில் ஆட்டத்தை நடத்துபவர் அரக்கனின் குரலில் 'நீ யார்? இங்கு எதற்கு வந்தாய்?' என்று வினவ நேரும். படர்க்கையில் கிடந்த பொருள் முன்னிலைக்கு வருகிறது. அச்சிட்ட பட்டியல் அஃறிணையாக்கியதை, வாய்ச்சொல் மீண்டும் உயர்திணையாக்குகிறது.

இவ்வாயிலின் வழியே சென்று சிறந்த படைப்புகளைத் தந்தவர்களும் உளர். 1978ஆம் ஆண்டில் வெளியான 'ரூன்குவெஸ்ட்' ஆட்டம், கிரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோரந்தா என்னும் கற்பனை உலகில் அமைந்தது. அதன் டிரோல்களுக்கென்றே 1982ஆம் ஆண்டில் தனித் தொகுப்பு வெளிவந்தது. அவர்களின் உணவு, தெய்வம், குடிவரலாறு யாவும் அதில் விரிவாகக் கூறப்பட்டன. பழஞ்சாபம் ஒன்றினால், அவர்தம் தாய்மார் குறையுற்ற மக்களைப் பெற்று வருந்தும் துயரமும் அதில் உண்டு. அத்துயரை அறிந்தவர், டிரோலை வெட்டுமுன் ஒரு கணம் தயங்குவர். அத்தயக்கமே இலக்கியத்தின் பயன்.

ஆட்டத்தின் வகை மாறினால் அரக்கனின் பொருளும் மாறும். சாண்டி பீட்டர்சன் உருவாக்கி 1981ஆம் ஆண்டில் வெளியான 'கால் ஆஃப் கதுலு', லவ்கிராஃப்டின் திகில் கதைகளைத் தழுவியது. அங்கே அரக்கனை வெல்லுதல் நோக்கமன்று; கண்டபின் அறிவு கலங்காமல் இருப்பதே அரிது. அதற்கென மனத்தெளிவைக் கணக்கிடும் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 1983ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த 'வார்ஹாமர்', பொம்மை உருவங்களின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் ஆட்டத்தை மீண்டும் படைக்களத்திற்கே கொண்டு சென்றது. எனினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆர்க்குப் படையையும் ஒருவர் நடத்தியாக வேண்டும். அரக்கர் பக்கத்திலும் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். அவர்கள் தோற்றால் அவர்க்கும் வருத்தமே.

பிறப்பால் தீயோர் என்னும் கருத்து டோல்கீனையே உறுத்தியது. ஆர்க்குகள் மீட்புக்கு இடமற்றவர்களோ என்னும் வினாவை அவர் தம் இறுதிக் காலம் வரை முற்றாகத் தீர்க்கவில்லை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை இப்போது வெளியிடும் நிறுவனம், ஆர்க் முதலிய இனத்தாரையும் ஏனை மக்களைப் போலவே நன்மையும் தீமையும் விரவியவர்களாகக் காட்டப்போவதாக 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. 2024ஆம் ஆண்டின் ஆடுவோர் கையேட்டில், ஆர்க் ஆடுவோர் ஏற்கத்தக்க பாத்திரமாகவே இடம்பெற்றது. மரபைக் கெடுத்தனர் என்று சிலர் இதனைக் குறை கூறினர். கும்பகருணனைக் கற்றவர்க்கு இம்மாற்றம் புதுமையன்று. பழைய நெறிக்குச் சற்றே காலந்தாழ்த்தித் திரும்பியதாகவே தோன்றும்.

ஆசிரியர் கொள்ள வேண்டுவன

இவ்வாட்டங்களிலிருந்து மொழியாசிரியர் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, பட்டியலின் எல்லை. அரக்கர் பெயர்களை மனப்பாடம் செய்வித்து, இன்னார் மகன், இன்னாரால் கொல்லப்பட்டான் என்று தேர்வில் எழுதச் செய்வதும் ஒரு கையேடே. அதில் உயிர்ப்புள்ளிகள் இல்லை என்பதொன்றே வேறுபாடு. வகுப்பறையில் கும்பகருணன் ஆறு மாதம் உறங்கியவன் என்று மட்டும் அறிந்து செல்லும் மாணவன், மெதூசாவை இனமாகக் கண்ட ஆட்டக்காரனைவிட மேம்பட்டவன் அல்லன்.

இரண்டாவது, தன்மையின் ஆற்றல். 'நான்' என்று சொல்லிப் பாத்திரத்தினுள் புகும்போது மாணவன் காப்பியத்தை உள்ளிருந்து காண்கிறான். மாரீசனாக ஒருவன், இராவணனாக மற்றொருவன் அமர்ந்து, மானாக மாறுவதா மறுப்பதா என்று தம் சொந்தச் சொற்களில் வாதிட்டால், ஒரு பாடவேளைக்குள் அப்படலத்தின் நெஞ்சம் புலப்பட்டுவிடும். பகடையும் வேண்டா, பொம்மையும் வேண்டா. மேசையைச் சுற்றி நான்கு பேரும், கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும்.

அரக்கனை அஃறிணையாக்கிய கையேட்டைப் பழிப்பதால் பயனில்லை. அவனை உயர்திணையாக நிறுத்தி, எதிரில் அமர்த்தி, 'நீ ஏன் இவ்வாறு செய்தாய்?' என்று வினவும் பழக்கத்தை இளையோரிடம் வளர்ப்பதே வேண்டுவது. காப்பியங்கள் அவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. அதனை வகுப்பறையில் மீண்டும் ஒலிக்கச் செய்வது தமிழாசிரியரின் பொறுப்பு.